சக்கரம் வைத்த கலப்பை

போன டிசம்பர் முதல் வாரம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவின் கடைசி நாட்கள். நம்ம மாவட்டத்து ரயில் நிலையம் ஒன்றில் ஒருத்தரை வழியனுப்பப் போயிருந்தேன். எதிர் பிளாட்பாரத்தில் வந்து நின்ற ரயிலிலிருந்து ஒரு பேண்டு செட் இறங்கியது. எட்டுப் பத்துப் பேர். கிளாரினெட், டிரம்பெட் எல்லாம் கைப்பெட்டிக்குள் அடக்கம். கடைசியாக இறங்கின பையன் மட்டும் தன் இடுப்புக்கு மேலே நிற்கிற ஒரு கருப்புப் பையை இழுத்துக்கொண்டு வந்தான். அடியில் இரண்டு சக்கரம். சிமெண்டுத் தரையில் கடகடவென்று நல்லாத்தான் உருண்டது. வாசலைத் தாண்டி இருபதடி போயிருப்பான். மழை பெய்து ஓய்ந்த நேரம். சரளைக்கல்லும் தண்ணீருமா கிடந்த இடத்தில் சக்கரம் இறங்கி நின்னுபோச்சு. பையன் யோசிக்கவே இல்லை. பையைத் திருப்பி, பின்னால் இருந்த வார்களுக்குள் கையை நுழைத்து, முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தான்.

ஓடிப்போய்ப் பேச்சுக் கொடுத்தேன். ஆராய்ச்சிக் கிறுக்கு பிடித்தவனுக்கு வெட்கம் கிடையாது.

“தம்பி, உள்ள என்ன இருக்கு?”

“டியூபா அண்ணா.”

“இந்தப் பைக்குப் பேரு?”

“கிக் பேக்.”

“தமிழ்ல என்ன சொல்லுவீங்க?”

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பைதான்” என்றான்.

அந்தக் கேள்வி என் மண்டைக்குள் ஏறினதுக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் பெரியப்பா எங்க ஊர்க் கோயில் பேண்டில் யூபோனியம் வாசித்தவர். யூபோனியத்தை டியூபாவோட தம்பின்னு வைத்துக்கொள்ளலாம். குழாயை நீட்டிப் பிடித்தால் 9 அடி. டிரம்பெட்டைப் போல இரண்டு மடங்கு. பெரிய டியூபா என்றால் 18 அடி, அதாவது முழுத் தென்னை ஓலை ஒன்றின் நீளம். அத்தனையையும் சுருட்டி, வளைத்து, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்குள் கொண்டுவந்ததுதான் அந்த வாத்தியம். கட்டிப்பிடிக்கலாம், ஆனா தூக்க முடியாது. கைப்பிடி எங்கேயும் இல்லை. சக்கைப்பழம் சுமந்தவங்களுக்கு நான் சொல்வது புரியும். எடையை விட அதன் வடிவம்தான் ஆளைப் படுத்தும்.

பெரியப்பாவிடம் பையும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒரு பழைய சாரம்தான். (வெளியூர்க்காரங்களுக்கு: சாரம்னா லுங்கி.) அதில் வாத்தியத்தை வைத்து நாலு மூலையையும் முடிந்து, தலையில் சும்மாடு வைத்து, அதுமேல் ஏற்றிக்கொள்வார். பக்கத்து ஊர்த் திருவிழா என்றால் வயல் வரப்பு வழியா அப்படியே நடை. தூரம்னா பஸ். பஸ்ஸில்தான் சண்டை. “அண்ணாச்சி, இந்தக் குத்துப்போணிய மேல போடும்” என்று ஒரு கண்டக்டர் சொன்னதை சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு மேலே வாழைக்குலைகளுக்கு நடுவில் கட்டிப் போட்டுப் பயணம் செய்த வாத்தியம், இறக்கும்போது அடிவளைவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒருத்தர் முடிஞ்சவரைக்கும் ஒடுக்கெடுத்துக் கொடுத்தார். குழாய்க்குள் சுத்தியல் போகாதே, பாதிதான் எடுக்க முடிந்தது. அதற்கப்புறம் ஒரு சுரம் மட்டும் எப்பவும் கொஞ்சம் இறங்கித்தான் பேசும் என்பார். அந்த சுரம் வரும் இடத்தில் அவர் உதட்டை இறுக்குவது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஏன் என்று ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, பைக்கு வருவோம். தமிழில் இதற்குச் சொல் இருக்கிறது. சங்க காலத்துச் சொல். பத்துப்பாட்டில் பத்தாவதாக வரும் மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. அதன் தொடக்கமே கூத்தர்கள் வாத்தியங்களை மூட்டை கட்டும் காட்சிதான். முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், எல்லரி, பதலை என்று நீள்கிற பட்டியல். கோடு என்றால் ஊதுகொம்பு. தூம்பில் யானையின் துதிக்கை மாதிரி நீண்ட ஒன்றும் வருகிறது. இதையெல்லாம் இறுக்கிச் சுருக்கிப் பைகளில் போட்டு, காவடித் தடியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து போகிறார்கள். அது எப்படி இருக்கிறது என்பதற்குப் புலவர் காட்டும் உவமை, மழை கண்ட பலாமரத்தில் கொத்தாய்த் தொங்கும் காய்கள். ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய புலவருக்கும் எனக்கும் சக்கைதான் தோன்றியிருக்கிறது என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

அந்தப் பைக்கு அங்கே பெயர் கலப்பை. கலம், பை. கலம் என்றால் கருவி, பாத்திரம், அணிகலன் எல்லாம்தான். இங்கே இசைக்கருவி. பதிற்றுப்பத்திலும் இதே பொருளில் இந்தச் சொல் வருகிறது. இன்றைக்குக் கலப்பை என்றால் உழுகிற கலப்பை மட்டும்தான் நமக்குத் தெரியும். நாஞ்சில் என்றாலும் உழுகிற கலப்பைதான். ஆக, ஊர் பெயரிலேயே ஒரு கலப்பையை வைத்துக்கொண்டு, இன்னொரு கலப்பையைத் தொலைத்துவிட்டோம்.

மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றும் ஒரு பெயர் உண்டு. நன்னனிடம் பரிசு பெற்று வருகிற கூத்தன், எதிரே வருகிற கூத்தனுக்கு வழி சொல்வது போன்ற அமைப்பு. கொஞ்சம் ஊன்றிப் படித்தால் அது முழுக்கச் சுமையோடு நடக்கிறவனுக்குச் சொல்லும் வழி என்று தெரியும். இங்கே பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள், பார்த்து நட. இங்கே பாறையில் பாசி, வழுக்கும். இந்தப் பக்கம் தினைப்புனம் காக்கிறவன் கவண்கல் எறிவான், ஒதுங்கிப் போ. முதுகில் வாத்தியம் இருக்கிறவனுக்கு இந்தக் கவலையெல்லாம் இரட்டிப்பு. தான் விழுந்தால் முட்டி சிராய்க்கும், முழவு விழுந்தால் பிழைப்பு போகும். வாத்தியக்காரனின் வரலாற்றில் பாதி, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போன வரலாறு என்று எனக்குத் தோன்றியது இதைப் படித்த பிறகுதான்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் கோயில் கொம்பும் வேறு மாதிரித் தெரியும். நம்ம பக்கத்துக் கோயில்களில் கேரளத்துப் பாணிப் பஞ்சவாத்தியம் கேட்டிருப்பீர்கள். அதில் தலைக்கு மேலே பிறை மாதிரி வளைந்து நிற்கும் கொம்பு, ஒரே துண்டு அல்ல. மூன்று பாகம். கழற்றி, ஒன்றாக வைத்துக் கட்டி, துணிப்பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். போன இடத்தில் பொருத்தி ஊத வேண்டியதுதான். செய்கிற கன்னானே அதைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப் பற்றியும் யோசித்திருக்கிறான்.

ஐரோப்பாக்காரன் இதை வேறு வழியில் யோசித்தான். அங்கே ரோமாபுரிப் படையிலேயே கார்னு என்று ஒரு வளைகொம்பு உண்டு. நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. அதைத் தோளில் முட்டுக்கொடுத்து, குழாய் ஆளைச் சுற்றி வளைந்து தலைக்கு மேலே போகும்படி பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பிறகு பல நூற்றாண்டு தாண்டி, வால்வு வந்தது. 1835 செப்டம்பரில் பெர்லினில் வீப்ரெக்ட் என்ற ராணுவ இசை அதிகாரியும் மோரிட்ஸ் என்ற வாத்தியம் செய்கிறவரும் பேஸ் டியூபாவுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1840களில் யூபோனியமும் வந்துவிட்டது. சாக்ஸபோனுக்குப் பெயர் கொடுத்த அடால்ஃப் சாக்ஸ், சாக்ஸ்ஹார்ன் என்று சின்னதும் பெரியதுமாக ஒரு குடும்பத்தையே செய்து விட்டார். எல்லாம் ராணுவத்துக்கு. ராணுவம் என்றால் நடை. நடந்துகொண்டே இந்தப் பூதத்தை எப்படி வாசிப்பது?

வியன்னாவில் அந்த 1840களின் கடைசியில் ஹெலிகான் செய்தார்கள். டியூபாவை வட்டமாகச் சுற்றி, தலை வழியாக மாட்டி, இடது தோளில் உட்கார வைப்பது. குதிரைமேல் இருக்கிறவனும் வாசிக்கலாம். 1893-ல் அமெரிக்காவில் ஜான் பிலிப் சூசா கேட்டுக்கொண்டபடி பிலடெல்பியாவின் ஜே.டபிள்யூ. பெப்பர் கம்பெனி அதில் ஒரு மாற்றம் செய்தது. வாய் மேல்நோக்கித் திரும்பியது. அதுதான் சூசாபோன். மேலே பார்த்த வாய் என்பதால் ‘மழை பிடிப்பான்’ என்றே கிண்டலுக்கு ஒரு பெயர் வந்தது. இரண்டு பருவமழையும் வாங்குகிற நம்ம மாவட்டத்துக்கு அது வந்திருந்தால் குடம் குடமாகப் பிடித்திருக்கும். பிறகு வாயை முன்பக்கம் திருப்பிவிட்டார்கள். பித்தளைச் சூசாபோன் 12 முதல் 16 கிலோ வரும். 1960 வாக்கில் கண்ணாடி இழையில் செய்து எடையைக் குறைத்தார்கள். பித்தளை மாதிரி சத்தம் வராது என்று பழைய ஆட்கள் முனகுவார்களாம்.

கவனித்தீர்களா, இதில் எங்கேயும் பை இல்லை. வாத்தியமே தன்னைத் தூக்க ஏற்ற உருவத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. தோளுக்கு ஏற்ற வளைவு, இடுப்புக்கு ஏற்ற வார். இது ஊர்வலத்தின் நடுவில் சரி. ஊர்வலம் நடக்கிற ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்ற கேள்விதான் பாக்கி. நம்ம ஊரில் கஷ்டம் முழுக்க அங்கேதான் இருந்தது.

பித்தளை வாத்தியம் இந்தியாவுக்கு ராணுவத்தோடு வந்தது. கிராமத்துக் காதுகளுக்குக் கொண்டுவந்ததில் இரட்சணிய சேனைக்கு ஒரு பங்கு உண்டு. 1878-ல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் சார்லஸ் ஃப்ரை என்ற கட்டடக்காரரும் அவருடைய மூன்று மகன்களும் தெருப் பிரசங்கத்துக்குத் துணையா வாத்தியம் ஊதப் போனதுதான் அந்தச் சேனையின் முதல் பேண்டு. 1882 செப்டம்பர் 19-ம் தேதி பூத் டக்கர் தலைமையில் நாலு பேர் பம்பாயில் இறங்கினார்கள். அதில் ஒருவர் பெண். தெருவில் ஊர்வலம் போனதற்காகப் போலீஸ் பிடித்தது. பத்து வருஷத்துக்குள் தென் திருவிதாங்கூர் அவர்களுடைய முக்கியக் களங்களில் ஒன்று. நாகர்கோவிலில் ஹாரி ஆண்ட்ரூஸ் 1893-ல் தன் குடியிருப்பின் குளியலறையில் மருந்து கொடுக்க ஆரம்பித்தது வளர்ந்துதான் வடசேரிக்குப் பக்கத்திலிருக்கிற கேதரின் பூத் ஆஸ்பத்திரி. எங்கே போனாலும் பித்தளையும் கூடப் போகும் அமைப்பு அது. மற்ற சபைகளிலும், கத்தோலிக்கக் கோயில் திருவிழாக்களிலும், கல்யாண வீடுகளிலும் பேண்டு எப்போது, எந்த வரிசையில் புகுந்தது என்பது தனிக் கட்டுரைக்கான சமாச்சாரம். இந்தியக் கல்யாண பேண்டுகளைப் பற்றி கிரிகோரி பூத் எழுதிய ‘பிராஸ் பாஜா’ (2005) என்ற புத்தகம் இருக்கிறது. வடக்கே உள்ள கதை அதில் விரிவாகக் கிடைக்கும்.

வாத்தியம் எங்கிருந்து வரும்? சீமையிலிருந்து வரும், இல்லாவிட்டால் மீரட்டிலிருந்து. மீரட்டில் ஜலி கோட்டி என்று ஒரு தெரு, முழுக்கப் பேண்டு வாத்தியம் செய்கிறவர்கள். அங்கே நாதிர் அலி கம்பெனி 1885-ல் தொடங்கியது. முதலில் இறக்குமதி வியாபாரம், 1911 முதல் சொந்தத் தயாரிப்பு. பெரியப்பாவின் யூபோனியத்தில் வாய்ப் பக்கம் பொறித்திருக்கும் எழுத்து பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. மீரட் என்பது மட்டும் படிக்கக் கிடைக்கிறது.

மீரட்டிலிருந்து நாஞ்சில் நாடு சுமார் 3000 கிலோமீட்டர். அதில் கடைசி 80 கிலோமீட்டரைப் பற்றித்தான் நான் நினைத்துக்கொள்வேன். திருநெல்வேலிக்கு ரயில் 1876-லேயே வந்துவிட்டது. நாகர்கோவிலுக்கு வந்தது 1979-ல், அதுவும் திருவனந்தபுரம் பக்கமிருந்து. திருநெல்வேலியோடு இணைந்தது 1981-ல். அதாவது நூறு வருஷத்துக்கு மேலாக, திருநெல்வேலி வழியா ரயிலில் வருகிற எந்த வாத்தியமும் அங்கே இறங்கி, மாட்டுவண்டியிலோ பிற்பாடு பஸ்ஸிலோ லாரியிலோ ஏறி, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைத் தாண்டித்தான் உள்ளே வரணும். பலகைப் பெட்டியில் வைக்கோல் திணித்து அனுப்புவார்கள். பெரியப்பா பேண்டுக்கு அப்படி வந்த பெட்டியின் பலகைதான் பிற்பாடு எங்க வீட்டுக் கோழிக்கூடு. வாத்தியத்தோடு பெட்டியையும் பத்திரமா வைத்துக்கொள்ளலாம் என்று ஒருத்தருக்கும் தோணவில்லை. பெட்டி தூரப் பயணத்துக்கு, உள்ளூருக்குச் சாரம் போதும். அப்படித்தான் இருந்தது கணக்கு.

உள்ளூர் என்றால் நடை என்பதை இப்போது இருக்கிறவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போவதை இன்றைக்கும் பார்க்கலாம். முதல் நாள் குழித்துறை, இரண்டாம் நாள் நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள்தான் திருவனந்தபுரம். வாகன வசதி இல்லாத காலத்தில் மேளக்காரனும் கொம்புக்காரனும் அந்தத் தூரம் முழுக்கச் சுமந்து நடந்தவன்தான்.

அதற்கு ஏற்ற மாதிரிதான் இந்த மண்ணின் சாலைகளும் இருந்தன. பழைய திருவிதாங்கூர் வழிகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தது. பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். அதன் உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தலைச்சுமைக்காரர், அடுத்தவர் கை கொடுக்காமலே, கொஞ்சம் முட்டி மடக்கிச் சுமையை அப்படியே கல்லுக்கு மாற்றிவிடும் உயரம். திரும்ப ஏற்றுவதும் அதே மாதிரி. குனிந்து தரையில் வைத்தால் தனியாளாக மறுபடி தூக்க முடியாது என்பது தெரிந்தவர்கள் வைத்த கல். பெரியப்பா பேண்டுக்காரர்கள் சாரமூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பீடி பிடிக்கிற இடமும் அதுதான். நாலைந்து யூபோனியம், ஒரு பேஸ் டிரம், சுமைதாங்கி மேலே. படம் எடுத்து வைக்க அன்றைக்கு ஒருத்தரும் இல்லாமல் போனார்கள்.

இந்த நாட்டில் சக்கரத்துக்கு வேலை குறைவு. கீழே நாஞ்சில் பக்கம் வயல், வரப்பு, கால்வாய். கல்குளம், விளவங்கோடு பக்கம் ஏற்றமும் இறக்கமுமா செம்மண், ரப்பர், படிக்கட்டு வைத்த வீட்டு வழிகள். கடற்கரையில் மணல். பையின் சக்கரம் உள்ளங்கையில் அடங்கும் அளவு. சக்கரம் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு அது ஏறக்கூடிய மேடும் சின்னதுதான். ஆரத்துக்குக் கிட்டத்தட்ட உயரமான கல் குறுக்கே வந்தால் முட்டி நிற்கும். மாட்டுவண்டிக்காரனைக் கேட்டால் இதைச் சூத்திரம் இல்லாமலே சொல்லுவான், அதனால்தானே அவன் சக்கரம் நெஞ்சுயரம். சக்கரம் உருண்டாலும் இன்னொரு வில்லங்கம், ஒவ்வொரு குலுக்கலும் நேரா வாத்தியத்துக்குப் போகிறது. வால்வுக்குள் ஓடும் பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் நடுவில் முடி அளவு இடைவெளிகூட இல்லை. பத்த வைத்த இணைப்புகளும் அதிர்ச்சியில்தான் முதலில் விடும். மனுஷ முதுகு போல நல்ல ஸ்பிரிங் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

சூட்கேஸில் சக்கரம் வைத்ததே நேற்றைய கதை. அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ 1972-ல்தான் காப்புரிமை வாங்கினார். நிமிர்த்தி இழுக்கிற இரட்டைச் சக்கரப் பெட்டி ராபர்ட் பிளாத் என்ற விமானி 1987-ல் செய்தது. விமான நிலையத்தின் வழவழத் தரைக்காகப் பிறந்த யோசனை. கிக் பேக்கில் வரும் ‘கிக்’, அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் ஒரு நாள் கச்சேரிக்கு வைத்த கொச்சைப் பெயர். ஒரு நாள் வேலைக்கு எடுத்துப் போகிற மெத்தைப் பை, அவ்வளவுதான். பேரு அங்கிருந்து, சக்கரம் விமான நிலையத்திலிருந்து, இரண்டும் சேர்ந்து நம்ம சரளைக்கல்லில் வந்து மாட்டிக்கொள்கிறது.

இதையெல்லாம் நான் எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் அந்த ரயில் நிலையத்துப் பையன் மட்டும் அல்ல. அண்ணன் மகள், அதாவது பெரியப்பாவின் பேத்தி, பதினாறு வயசு. பாட்டாவின் யூபோனியத்தை வாசிக்கணும் என்று பிடிவாதம். எங்க ஊர் பேண்டில் இப்போது யூபோனியம் கிடையாது. டிரம்பெட் இருக்கிறது, கிளாரினெட் இருக்கிறது, கீழ்ச் சுரத்துக்கு ஒரு கீபோர்டும் வண்டியில் ஸ்பீக்கரும். முதலில் கழன்று போனது கனமான வாத்தியம்தான். வாசிக்க ஆள் இல்லை என்று சொல்வார்கள். எனக்கு என்னவோ தூக்க ஆள் இல்லாமல் போனதுதான் முதலில் என்று படுகிறது.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “பொம்பளப் புள்ள இத எங்கல தூக்கிட்டு அலையும்?” என்று என்னிடம் கேட்டான். நான் மச்சிலிருந்து யூபோனியத்தை இறக்கி, பழைய பேப்பர்க்காரரிடம் தராசு வாங்கி நிறுத்துக் காட்டினேன். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. இவனைப் பெற்ற எங்க பெரியம்மா, அறுப்புக் காலத்தில் வரப்பு மேலே ஈரக் கதிர்க்கட்டைத் தலையில் வைத்து ஓடினவள். கடற்கரைப் பெண்கள் மீன் கடவத்தோடு மைல் கணக்கில் நடந்ததை இவனும் பார்த்தவன்தான். பம்பாயில் 1882-ல் இறங்கின நாலு பேரில் ஒரு பெண் இருந்த கதையையும் சொன்னேன். “ஒனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு வருஷம் தெரியும்லே” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். ஆனா வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு பை தேடினோம். சக்கரம் வைத்தது வேணும் என்றுதான் அவளும் முதலில் சொன்னாள். வாத்தியத்தை அளந்தேன். நீளம் 70 சென்டிமீட்டர், வாய் அகலம் 27. ரயில் பெட்டிக்குள் கூட எடுத்துப்போகும் பெட்டிகளுக்கு ரயில்வே சொல்லும் அளவு 100-க்கு 60-க்கு 25. அந்தக் கணக்குப்படி பெரியப்பாவின் யூபோனியமே இரண்டு சென்டிமீட்டர் அதிகம். வாய் மட்டுமே 45, 50 சென்டிமீட்டர் இருக்கும் டியூபாவை அந்தப் பையன் எப்படித்தான் கொண்டுவந்தானோ! டிக்கெட் பரிசோதகர் இசை ரசிகராக இருந்திருக்கலாம்.

பை விஷயத்தில் எனக்கு இருந்த பெரிய பயம் சக்கரம் அல்ல, ஈரம். சாரம் வாத்தியத்தை இடியிலிருந்து காப்பாற்றாது, ஆனா மூச்சு விடவிடும். மெத்தை வைத்து ஜிப் போட்ட பை நேர்மாறு. வாசித்து முடித்த குழாய்க்குள் எச்சிலும் ஆவியும் கிடக்கும். அதை வடிக்காமல் மூடி, மழைக்காலத்தில், கடல் காற்றில் வைத்தால் பித்தளை உள்ளிருந்து கெடும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். துத்தநாகம் மட்டும் கரைந்து போய்ச் செம்பு தனியா நின்றால், வெளியே சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். அந்த இடம் பிறகு விரலால் அழுத்தினாலே பொத்துக்கொள்ளும். சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் 24-ல் தொடங்கி டிசம்பர் 3-ல் முடிவது, வடகிழக்குப் பருவமழையின் நட்ட நடுவில். நனைந்து வந்த வாத்தியத்தை அப்படியே பைக்குள் மூடி அடுத்த திருவிழா வரை மறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பா வீட்டுக்கு வந்ததும் வால்வுகளைக் கழற்றி, தண்ணீரை வடித்து, திண்ணையில் வாயைக் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கை கால் கழுவப் போவார். வால்வுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார், அது மட்டும் தப்பு. நாள்பட்டால் பிசினாகிப் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். இறக்கினபோது மூன்றும் அசையவே இல்லை. மண்ணெண்ணெயில் ஊற வைத்து இரண்டு நாள் ஆச்சு.

கடைசியில் சக்கரம் இல்லாத பைதான் வாங்கினாள். அவள் சொன்ன காரணம் எனக்குத் தோன்றாதது. “சித்தப்பா, பஸ்ஸுல ஏறும்போது சக்கரத்தத் தூக்கிட்டுத்தான ஏறணும்? அப்போ சக்கரமும் ஒரு சொமதான?” இரண்டு தோள்வார், பக்கத்தில் ஒரு கைப்பிடி. உள்ளே மெத்தை அடிப்பக்கத்தில் கொஞ்சம் லேசா இருந்தது. அவளே அலமாரியைக் குடைந்து பாட்டாவின் பழைய சாரம் ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, அந்த ஒடுங்கின அடிவளைவுக்குக் கீழே வைத்தாள்.

கலப்பை என்ற சொல்லை அவளுக்குச் சொல்லியிருந்தேன். போன வாரம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது கண்டக்டர், “என்ன மக்ளே இது, இவ்வளவு பெருசா?” என்று கேட்டிருக்கிறார். “கலப்பை” என்றிருக்கிறாள். அவர் நம்பவில்லையாம். திறந்து காட்டச் சொன்னாராம்.